நிலமும் பொழுதும்: பல்கலைக்கழக மாணவரும் சூழற் கல்வியும்

பல்கலைக்கழக மாணவர் கல்விச் சுற்றுலாவுக்குப் புறப்படும் காட்சி நமது நாட்டில் எவருக்கும் புதியதன்று. விடியற்காலையில் பேருந்து புறப்படுகிறது. பாட்டும் சிரிப்புமாக நெடுந்தூரம் கடக்கப்படுகிறது. முற்பகலில் மலைநாட்டுக் காடொன்றின் ஓரத்திலோ, கடலோரச் சதுப்பொன்றின் அருகிலோ பேருந்து நிற்கிறது. விரிவுரையாளர் ஒரு மரத்தைச் சுட்டி அதன் பெயரைக் கூறுகிறார். ஐம்பது குறிப்பேடுகளில் அப்பெயர் ஏறுகிறது. நண்பகலில் சோற்றுப் பொதிகள் அவிழ்க்கப்படுகின்றன. மாலையில் பேருந்து திரும்புகிறது. அடுத்த வாரம் ஓர் அறிக்கை எழுதி ஒப்படைக்கப்படுகிறது. அத்துடன் அந்தக் காடும் அந்தச் சதுப்பும் மாணவரின் வாழ்விலிருந்து மறைந்துவிடுகின்றன.

இத்தகைய பயணங்களைப் பயனற்றவை என்று ஒதுக்குதல் தகாது. புத்தகத்திற் படமாக மட்டும் கண்ட ஒன்றை நேரிற் காண்பதே ஒரு பேறு. ஆயினும் காண்பது வேறு, கற்பது வேறு. சூழலைப் பற்றிய கல்வி, கையும் கண்ணும் சேர்ந்து உழைத்துப் பெறும் கல்வியாக வேண்டுமாயின், ஒரு நாட் பயணத்தில் இல்லாத ஒன்று அதற்குத் தேவைப்படுகிறது. அது யாது?

இவ்வினாவுக்கு விடை தேடத் தமிழ் கற்றவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொல்காப்பியம் உலகியலை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கிறது. மரமும் விலங்கும் பறவையும் மக்களின் தொழிலும் கருப்பொருளாகும். இவையனைத்துக்கும் அடிப்படையான முதற்பொருளாக அந்நூல் கொள்வன இரண்டு: ஒன்று நிலம், மற்றையது பொழுது. நிலத்தை மட்டும் கூறிப் பொழுதைக் கூறாதுவிட்டால் திணை நிரம்புவதில்லை. பொழுதிலும் ஆண்டின் பருவங்களாகிய பெரும்பொழுதும், நாளின் கூறுகளாகிய சிறுபொழுதும் என இரு வகை உண்டு. ஒரு நாட் சுற்றுலா மாணவருக்கு நிலத்தைக் காட்டுகிறது, பொழுதைக் காட்டுவதில்லை. புரட்டாதியில் வறண்டு கிடந்த தரவை மார்கழியில் ஏரியாகிவிடும் என்பதை அம்மாணவர் அறிய மாட்டார். சென்ற இடத்துக்கே மீண்டும் செல்லுதல், அளந்ததையே மீண்டும் அளத்தல், முன்னவர் விட்ட இடத்திலிருந்து பின்னவர் தொடர்தல் ஆகியனவே சூழற் கல்வியின் உயிர்நாடி. இதனை நமது நாட்டின் மூன்று இடங்களைக் கொண்டு விளக்கலாம். ஒன்று காடு, மற்றொன்று கடலோரம், மூன்றாவது வீட்டுக் கிணறு.

முதலிற் காட்டைப் பார்ப்போம். இலங்கையின் தென்மேற்கிலே ஆண்டுதோறும் 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் சிங்கராசவனம் இருக்கிறது. ஒட்டுப்பலகைத் தொழிலுக்கு மரம் வேண்டி 1972-இல் இயந்திரங்களைக் கொண்டு அக்காட்டில் மரம் தறிக்கத் தொடங்கினர். விஞ்ஞானிகளும் பொதுமக்களும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். 1977-இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1978-இல் அவ்வனம் உயிர்மண்டல ஒதுக்கமாகவும், 1988-இல் உலக மரபுரிமைத் தலமாகவும் ஏற்கப்பட்டது. காடு காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனாற் காப்பாற்றப்பட்ட காடு எவ்வாறு வாழ்கிறது என்பதை அறிவது எங்ஙனம்?

அதற்கென 1993-இல் அவ்வனத்தினுள்ளே 500 மீற்றர் நீளமும் 500 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு சதுர நிலம் அளந்து ஒதுக்கப்பட்டது. பரப்பு 25 ஹெக்டேயர். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரின் வழிகாட்டலில், அந்நிலத்தில் ஒரு சென்ரிமீற்றர் பருமனுக்குக் குறையாத ஒவ்வொரு மரத்துக்கும் கன்றுக்கும் இலக்கத் தகடு கட்டப்பட்டது. அதன் இனம் அறியப்பட்டது. அது நிற்கும் இடம் வரைபடத்திற் குறிக்கப்பட்டது. அதன் பருமன் அளக்கப்பட்டது. இவ்வாறு எண்ணப்பட்டவை ஏறத்தாழ இரண்டு இலட்சம் தண்டுகள். இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள். ஒருமுறை எண்ணியதோடு வேலை முடிந்துவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதே மரங்கள் மறுபடியும் அளக்கப்படுகின்றன. இறந்தவை எவை, புதிதாய் முளைத்து வந்தவை எவை, பருத்தவை எவ்வளவு பருத்தன என்பனவெல்லாம் அப்பொழுதுதான் தெரியவருகின்றன.

மரத்தின் பருமனை அளப்பது எளிய வேலை போலத் தோன்றும். நாடாவைச் சுற்றினால் ஆயிற்று என்றே எண்ணத் தோன்றும். செய்து பார்ப்பவருக்குத்தான் அதன் அருமை புரியும். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அளக்க வேண்டும் என்பது விதி. சரிவிலே நிற்கும் மரத்துக்கு நிலம் எது? மேற்புறமா, கீழ்ப்புறமா? பலகை போல விரிந்த அணைவேர் அந்த உயரத்தையும் தாண்டிச் சென்றிருந்தால் எங்கே அளப்பது? தண்டைச் சுற்றிக் கொடி படர்ந்திருந்தால் நாடாவைக் கொடிக்குக் கீழே செலுத்துவது எப்படி? மழை பெய்கிறது, காலில் அட்டை ஏறுகிறது, குறிப்பேடு நனைகிறது. இத்தனைக்கும் நடுவில் இலக்கம் பிழையின்றி எழுதப்பட வேண்டும். நிழலில் நிற்கும் சில மரங்கள் ஐந்தாண்டில் ஒரு சில மில்லிமீற்றரே பருப்பன. நாடா ஒரு சாண் மேலே போய்விட்டாற் போதும், மரம் ஐந்தாண்டில் மெலிந்துவிட்டதாகக் கணக்கு வந்து நிற்கும். மெலிந்தது மரமன்று; அளந்தவரின் கவனமே. பிழை என்பது யாது, அது எங்கிருந்து நுழைகிறது என்பதை நூறு விரிவுரைகள் கற்பிப்பதைவிட இந்த ஒரு நாடா நன்றாகக் கற்பித்துவிடும்.

இங்கே மாணவர் மற்றொன்றையும் உணர்கின்றனர். இன்று இருபது வயதிலிருக்கும் ஒருவர், தாம் பிறக்குமுன்பே இலக்கம் பெற்ற ஒரு மரத்தின்முன் நிற்கிறார். முன்னர் அளந்தவர் எழுதிய எண்ணுக்குக் கீழே தமது எண்ணை எழுதுகிறார். ஒரு மணி நேர உழைப்புத்தான். ஆயினும் அது முப்பது ஆண்டு உழைப்போடு சேர்ந்து பொருள் பெறுகிறது. தனியே நின்றால் அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லை. அறிவு என்பது ஒருவர் ஈட்டும் தனிச்சொத்தன்று, பலர் கைமாற்றி வளர்க்கும் பொதுச்சொத்து என்ற உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வகுப்பறை எது?

பொழுதை மறந்தால் என்ன நேரும் என்பதற்குக் கடலோரம் சாட்சி கூறுகிறது. 2004 திசெம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நமது கரைகளைத் தாக்கியதன் பின்னர், கண்டற்காடுகளைப் பற்றிய பேச்சு எங்கும் எழுந்தது. கண்டல் மரம் கரைக்கு அரண் என்று மக்கள் உணர்ந்தனர். பல அமைப்புகள் முன்வந்தன. மாணவரும் ஊரவரும் சேற்றில் இறங்கிக் கன்றுகளை நட்டனர். நல்ல நோக்கத்துடன் செய்த வேலை அது. நட்டவர் எவரையும் குறைகூற முடியாது. ஆனால் நட்ட கன்றுகள் என்ன ஆயின? றுகுணைப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் சேர்ந்து இலங்கைக் கரையோரத்தில் 23 நடுகை இடங்களை ஆராய்ந்து, 2017-இல் தமது முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்திருந்த இடங்கள் மிகச் சிலவே.

காரணம் என்ன? கண்டலின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட காய்போலத் தொங்கிப் பின் விழுவது. அதைச் சேற்றில் ஊன்றுதல் குழந்தைக்கும் எளிது. ஆனால் எந்த மட்டத்தில் ஊன்றுவது என்பதே வினா. கண்டல் நீரில் நிற்கும் மரம் என்பது உண்மை. எந்நேரமும் நீரில் மூழ்கி நிற்கும் மரமன்று. வேர் மூச்சுவிட நீர் வடியும் வேளையும் வேண்டும். தாழ்ந்த மட்டத்தில் நட்ட கன்று நாளடைவில் மூச்சுத் திணறி இறக்கிறது. உயர்ந்த மட்டத்தில் நட்டது காய்ந்து கருகுகிறது. எஞ்சியதை மாடு மிதிக்கிறது, பாசி மூடுகிறது. நட்ட பிறகு வந்து பார்ப்பார் இல்லாதபோது இவற்றைத் தடுப்பவர் யார்?

நமது களப்புகளில் இவ்வினா மேலும் சிக்கலானது. மட்டக்களப்பு வாவியை எடுத்துக்கொள்வோம். அங்கே கடலின் ஏற்றவற்றத்தைவிட மழையும் முகத்துவாரமுமே நீர்மட்டத்தை ஆளுகின்றன. கோடையில் மணல் திரண்டு முகத்துவாரத்தை அடைக்கிறது. மாரியில் வெள்ளம் பெருகுகிறது. மணற்றிட்டு வெட்டப்பட்டோ தானே உடைந்தோ நீர் கடலுக்கு ஓடுகிறது. ஆவணியில் நட்டவர் கண்ட கரை வேறு. மார்கழியில் அக்கன்று காணும் கரை வேறு. ஆதலால் கன்று நடுமுன் மாணவர் செய்யத்தக்க முதல் வேலை, ஒரு கோலில் அளவு குறித்துக் கரையில் நாட்டி, ஓராண்டு முழுவதும் வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தல். இரண்டாவது வேலை, இயற்கையாக வளர்ந்து நிற்கும் கண்டல்கள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று கண்டறிதல். இவ்விரண்டையும் செய்து முடித்தவர் பல இடங்களில் நடவே தேவையில்லை என்ற முடிவுக்கு வரவுங்கூடும். நீர் வந்துபோகும் வழியைத் திறந்துவிட்டால் அலையில் மிதந்து வரும் விதைகள் தாமாகவே கரைபிடிக்கும். ஆயிரம் கன்றுகளை ஒரே நாளில் நடுவது படத்துக்கு அழகு. பத்துக் கன்றுகளை இரண்டாண்டு கவனித்து, எத்தனை பிழைத்தன, எவை ஏன் இறந்தன என்று எழுதிவைப்பது கல்வி.

காடும் களப்பும் பலருக்குத் தூரம். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கற்கும் மாணவருக்குச் சூழல் என்பது வீட்டு வாசலிலேயே, கிணற்றின் உருவில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே உண்டு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்கும் முதல். அம்மழை செம்மண்ணினூடாக இறங்கிக் கீழேயுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகிறது. அதையே துலாவால் அள்ளியும், பின்னர் இயந்திரத்தால் இறைத்தும் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தனர் மக்கள், குடிப்பதும் அதையே.

இந்த நன்னீர் கல்லினுள்ளே எவ்வாறு நிலைத்து நிற்கிறது? குடாநாட்டைச் சூழ்ந்து கடல் இருக்கிறது. கல்லின் வெடிப்புகளூடாக உவர்நீரும் உள்ளே புகுகிறது. நன்னீர் பாரம் குறைந்தது. உவர்நீர் பாரம் கூடியது. எனவே நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. 40 அடி உயரக் கடல்நீரின் பாரமும் 41 அடி உயர நன்னீரின் பாரமும் ஏறத்தாழச் சமன். ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டுக் கைபனும், 1901-இல் செருமனியரான ஏர்சுபேர்க்கும் தனித்தனியே எடுத்துக்காட்டினர். அதன் மறுபக்கத்தை எண்ணிப் பார்த்தால் அச்சம் பிறக்கும். மேலே ஓர் அடி நீர்மட்டம் நிலையாகத் தாழ்ந்தால், கீழே உவர்நீர் நாளடைவில் 40 அடி வரை ஏறிவர இடமுண்டு. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு இதற்கு ஓர் இயற்கைச் சான்று. அங்கே மேலே நன்னீர். ஆழத்திற் போகப்போக உவர்.

இவற்றையெல்லாம் மாணவர் புத்தகத்திற் படிக்கலாம். ஆனால் ஒரு சிறு மாணவர் குழு, ஒரே ஊரிற் பத்துக் கிணறுகளைத் தெரிந்து, மாதத்துக்கு ஒரு நாள் வீதம் ஓராண்டு அளந்தால் என்ன நிகழும் என்று பார்ப்போம். வேண்டிய கருவிகள் மிகச் சில: நுனியில் எடை கட்டிய அளவு நாடா, நீரின் மின்கடத்துதிறனைக் காட்டும் கைம்மானி, நீர் மாதிரி எடுக்கச் சுத்தமான போத்தல்கள், ஒரு மழைமானி.

முதல் மாதத்திலேயே பாடம் தொடங்கிவிடும். நாடாவைக் கிணற்றுக்கட்டின் எவ்விடத்திலிருந்து விடுவது? சென்றமுறை ஒரு பக்கம், இந்தமுறை மறுபக்கம் என்றால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது. எனவே கட்டில் ஒரு குறி தீட்டப்படுகிறது. எந்நேரம் அளப்பது? காலையில் இறைப்பு முடிந்த பின்னர் சென்றால் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்; அது கிணற்றின் இயல்பு மட்டமன்று. எனவே தோட்டக்காரரிடம் இறைப்பு நாளும் நேரமும் கேட்டறிந்து, விடியுமுன் செல்ல வேண்டியதாகிறது. சிறுபொழுதின் அருமை இங்கே புலப்படுகிறது.

மாதங்கள் செல்லச் செல்லப் பெரும்பொழுதின் தடம் குறிப்பேட்டில் எழுகிறது. மார்கழி, தை மாதங்களில் நீர் மேலெழுந்து நிற்கிறது. மாசி, பங்குனி முதல் படிப்படியாக இறங்குகிறது. ஆவணி, புரட்டாதியில் மிகத் தாழ்கிறது. அதே வேளையில் மின்கடத்துதிறன் மானி வேறொரு கதை சொல்கிறது. மழைநீர் மின்னை மிகக் குறைவாகவே கடத்தும். உப்புக் கரையக் கரையக் கடத்துதிறன் கூடும். நல்ல கிணற்றில் மானி சில நூறு அலகுகளைக் காட்டும். கடலில் ஏறத்தாழ 50,000 காட்டும். கடலுக்கு அண்மையிலுள்ள கிணறொன்றில் கோடை முற்ற முற்ற அவ்வெண் ஏறுவதைத் தன் கையால் எழுதும் மாணவி, நன்னீர் வில்லை மெலிவதைக் கண்ணாற் காண்கிறாள் என்றே கூறலாம்.

கண்ணுக்கும் நாவுக்கும் எட்டாத இன்னொன்றும் அந்நீரில் உண்டு. அது நைத்திரேற்று. பயிருக்கு இடும் யூரியாவும் எருவும், குழி மலசலகூடங்களின் கசிவும், மழையோடு கீழிறங்கி நீரிற் கலப்பதால் இது பெருகுகிறது. ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்திலே தோட்டச் செய்கை செறிந்த பகுதிகளிற் பல கிணறுகள் இவ்வளவை மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகையான நைத்திரேற்றுக் கலந்த நீரிற் பால்மாக் கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தையின் இரத்தம், உடலுக்கு வேண்டிய ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் வலுவை இழக்கக்கூடும். குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்று அகலாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சிறிது கூடவே செய்யும். கொதித்தாறிய நீர் எந்நிலையிலும் நல்லது என்று நம்பியிருக்கும் தாய்மாருக்கு இதனை எடுத்துக்கூற வேண்டியவர் யார்?

இவ்விடத்திலேதான் சூழற் கல்வி மற்றைய கல்விகளிலிருந்து வேறுபடுகிறது. ஆய்வுகூடத்துப் பரிசோதனைக் குழாய்க்குச் சொந்தக்காரர் இல்லை. கிணற்றுக்குச் சொந்தக்காரர் உண்டு. மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ, வீட்டுக்காரர் தேநீரை நீட்டிவிட்டுக் கேட்பார்: “பிள்ளை, இந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ?”

பட்டப்படிப்பில் எந்த வினாத்தாளிலும் இவ்வளவு கடினமான வினா வருவதில்லை. “குடிக்கலாம்” என்று கூறி, அது பிழையாயின் ஒரு குழந்தைக்குத் தீங்கு. “குடிக்கலாகாது” என்று கூறி, அது பிழையாயின் ஓர் ஏழைக் குடும்பம் நாள்தோறும் காசு கொடுத்து நீர் வாங்கும், காணியின் விலை விழும், அயலவர் அஞ்சுவர். மானியைச் செவ்வைபார்க்க மறந்த ஒரு காலைப்பொழுது இத்தனைக்கும் காரணமாகலாம். ஆதலால் மாணவர் கற்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. ஓர் அளவீட்டை நம்பி எதையும் கூறாதிருத்தல். ஒரே நீரை இருமுறை சோதித்தல். அளவு தெரிந்த கரைசலைக் கொண்டு கருவியைச் சரிபார்த்தல். ஐயமுள்ள மாதிரியை ஆய்வுகூடத்தில் மறுபடி சோதிப்பித்தல். முடிவு உறுதியானதும் அதை மறையாமல், விரிவுரையாளரோடு சென்று, வீட்டுக்காரருக்கு விளங்கும் மொழியிற் கூறுதல். அளப்பதற்குக் கிணற்றைத் தந்தவருக்கு விடையைத் தராது போவது, விஞ்ஞானத்திலும் குறை, பண்பிலும் குறை.

முன்கூட்டி அளந்து வைத்திருப்பதன் பெறுமதியைச் சுன்னாகத்து மக்கள் நன்கு அறிவர். அங்குள்ள மின்னுற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டதென்ற முறைப்பாடு எழுந்து, ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. 2019-இல் நாட்டின் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடு வழங்குமாறு பணித்தது. இத்தகைய வழக்கு எழும்போதெல்லாம் முதலிற் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: இந்த நீர் முன்பு எப்படி இருந்தது? அதற்கு விடை சொல்ல வல்லது, கேடு நேருமுன்பே எழுதிவைக்கப்பட்ட குறிப்பேடு மட்டுமே. கேடு வந்த பின்னர் எத்துணை நுண்ணிய கருவியைக் கொணர்ந்தாலும் சென்ற ஆண்டின் நீரை அளக்க முடியாது.

கிணறு யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய உதாரணம் என்று பிற மாணவர் எண்ணிவிடலாகாது. நமது பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் தன் வாசலிலேயே ஒரு களத்தை உடையது. பேராதனை மாணவருக்கு அந்தானை மலைச்சரிவும் மகாவலி கங்கையும் இருக்கின்றன. வந்தாறுமூலையில் உள்ளோருக்குக் களப்பும் வயலும் அருகே உள்ளன. அங்கே நீரின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டும் ஒரு கயிறுமே போதும். தட்டை நீரில் இறக்கி அது மறையும் ஆழத்தைக் குறிக்கும் இம்முறையை, 1865-இல் இத்தாலியப் பாதிரியாரான செச்சி என்பார் வகுத்தார். ஒலுவிலில் உள்ளோருக்கோ கடற்கரையே பாடநூல். அங்கே 2013-இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் கட்டுமானத்தை அடுத்து, அதன் வடபுறத்துக் கரை கடலால் அரிக்கப்பட்டது. அலையோடு கரையோரமாக நகரும் மணல் அலைதடுப்புச் சுவரால் மறிக்கப்படுவதே இத்தகைய அரிப்புக்குக் காரணம். நிலையான தூண் ஒன்றிலிருந்து கரை எவ்வளவு தூரம் என்று மாதந்தோறும் நாடாவால் அளப்பதற்கு எந்த உயர்ந்த கருவியும் வேண்டியதில்லை.

விஞ்ஞானபீடத்து மாணவருக்கு மட்டும் உரிய வேலை இது என்பதும் தவறு. காற்றுக்குச் சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்றும், நிலத்துக்குக் கலட்டி, செம்பாடு, தரவை என்றும் நமது மக்கள் இட்ட பெயர்கள் வெறும் சொற்களல்ல. தலைமுறைகள் கண்டறிந்த சூழல் அறிவு அவற்றில் அடங்கியிருக்கிறது. எந்தக் காற்று எழுந்தால் எந்த மீன் கரைக்கு வரும், எந்தக் கிணறு எந்த ஆண்டிற் கரித்தது என்பன முதியோர் நினைவில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதுதல் தமிழ் மாணவருக்கும் வரலாற்று மாணவருக்கும் உரிய களவேலை. கிணற்றின் நீர்மட்டத்தை விஞ்ஞான மாணவர் அளக்க, அக்கிணற்றின் வரலாற்றைக் கலைமாணவர் கேட்டெழுத, இரண்டும் ஒரே குறிப்பேட்டில் அமைந்தால் அஃது எத்துணைச் சிறந்த செல்வமாகும்!

தடைகள் இல்லாமல் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு பரீட்சை என்னும் முறையில் ஓராண்டு அளவீட்டுக்கு இடம் தேடுவது கடினம். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை சில மாதங்களில் முடிக்கப்பட்டு நூலகத் தட்டில் அமர்ந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு மாணவர் வேறு தலைப்பை, வேறு ஊரை நாடுகின்றனர். புதுமை வேண்டும் என்ற நியாயமான ஆசையே தொடர்ச்சிக்குப் பகையாகிவிடுகிறது. வாகன வசதி போதாது. விடியுமுன் தோட்டவெளிக்குச் செல்லப் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவர். அத்தயக்கத்தைப் பழிப்பதைவிட, குழுவாகச் செல்ல ஒழுங்கு செய்வதே முறை.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. சில சிறு விதிகள் போதும். அளப்பவை சிலவாக இருக்கட்டும். ஆனால் அவை மாறாதிருக்கட்டும். நாள் குறித்ததாக இருக்கட்டும். ஒவ்வொரு மாதத்தின் முதற் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால் எவரும் மறவார். குறிப்பேடு மாணவருக்கன்றித் துறைக்கு உரியதாக இருக்கட்டும். இறுதியாண்டு மாணவர் விடைபெறுமுன் முதலாண்டு மாணவரைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, குறியைக் காட்டி, நாடாவைப் பிடிக்கும் முறையைக் காட்டி, வீட்டுக்காரருக்கு அறிமுகம் செய்துவைக்கட்டும். இந்தக் கையளிப்பே பட்டமளிப்புக்கு முந்திய ஒரு பட்டமளிப்பு.

நான்கு ஆண்டுகளில் மாணவர் பட்டம் பெற்றுப் பிரிந்து செல்வர். சிலர் ஆசிரியராவர், சிலர் அலுவலராவர், சிலர் கடல்கடந்து போவர். சிங்கராசவனத்து மரம் அங்கேயே நிற்கும். வாவியின் நீர் ஏறியும் இறங்கியும் வரும். கிணற்றுக்கட்டில் தீட்டிய குறி வெயிலில் மங்கும்போது, அடுத்து வரும் ஒருவர் அதன்மேல் மறுபடி வர்ணம் தீட்டுவார். அப்படித் தீட்டும் கை உள்ளவரை, வீட்டுக்காரரின் வினாவுக்கு நேர்மையான விடை ஒன்றும் அவ்வூரில் இருக்கும்.